செட்டில்மெண்ட் பத்திரம் படித்துக் காட்டியவள்

பத்திரம் எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை; எழுதினதை எழுதிக்கொடுக்கிறவர் முகத்துக்கு நேராக வாய்விட்டுப் படிப்பதில்தான் எல்லாச் சிரமமும்.

ஓசூரில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தேன். ஊரே அவரை ரைட்டர் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. ஒரு பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன, இன்னொரு பக்கம் ராகி விதைத்த கொல்லையிலெல்லாம் மனைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை மாடு மேய்க்கக்கூட யாரும் போகாத மேட்டு நிலத்துக்குத் திடீரென்று மகன், மகள், மருமகன், மச்சினன் என்று எல்லாரும் முளைத்தார்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிவைக்கிற செட்டில்மெண்ட், இல்லாவிட்டால் உயில், இல்லாவிட்டால் பாகப்பிரிவினை, அதுவும் இல்லாவிட்டால் அக்கா தங்கைகள் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருகிற விடுதலைப் பத்திரம். எங்கள் ரூமில் இதுதான் பிழைப்பு.

ரைட்டர் எழுதுவார், நான் டைப் அடிப்பேன். கையெழுத்து வாங்கும் முன் பத்திரத்தை எழுதிக்கொடுக்கிறவருக்குப் படித்துக் காட்டி, அர்த்தம் சொல்லி, சம்மதமா என்று கேட்க வேண்டும். எனக்குப் பிறந்த வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், வீட்டுக்காரர் ஆனேக்கல் பக்கம் என்பதால் கன்னடமும் வந்துவிட்டது. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ரைட்டருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து டீ குடிக்கத் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் பில் நீட்டுகிறவர்கள், வகுப்பில் மார்க் வாசிக்கிறவர்கள், கம்பெனி கேட்டில் நின்று "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்கிற வேலை வாய்த்தவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. யாரோ யாருக்கோ எழுதினதுதான், ஆனால் கூசுவது நம் உடம்பு.

மூன்று தரம்

வெங்கடசாமி என்ற விவசாயி, சூளகிரி தாண்டி உள்ளே ஒரு ஊர். ஒரே மகனுக்கு வீட்டையும் ரோட்டோர நிலத்தையும் எழுதிவைக்க வந்திருந்தார். செட்டில்மெண்ட் பத்திரத்தில் எந்தக் குடும்பமானாலும் மாறாமல் வருகிற ஒரு வரி உண்டு. "என் மகனாகிய உன்மீது எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும், நீ என்னை இதுநாள்வரை நல்லமுறையில் பராமரித்து வருவதாலும்" என்று நான் வாசித்ததும் அவர் கையைத் தூக்கினார். "அதை இன்னொரு தரம் படிம்மா."

படித்தேன். "இன்னொரு தரம்" என்றார். அதற்குள் ரூமில் காத்திருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மகன் சுவரில் இருந்த காலண்டரில் முகூர்த்த நாள் தேடுகிறவன்போல நின்றான், காது மட்டும் சிவந்திருந்தது. ஏதோ குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல எனக்கே குரல் உள்ளே போனது. மூன்றாவது தரமும் படித்து முடித்தேன். அவர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். "அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா, வீட்டுல மருமகளுக்குப் படிச்சுக் காட்டணும்."

உறவுமுறை

ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். மனைவி மக்கள் ஊரில், இவர் வேலைக்கு இங்கே. கூட ஒரு அம்மாள் வந்திருந்தார், உள்ளூர்க்காரர், கையில் தூக்குப் போசி வைத்த வயர் கூடை. ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனையை அந்த அம்மாள் பேரில் தானமாக எழுத வேண்டும் என்றார்.

தானம் வாங்குகிறவர் குடும்பத்தில் ஒருவர் என்றால் முத்திரைத் தீர்வை குறைவு, வெளியாள் என்றால் அதிகம். அதனால் உறவுமுறை எழுதியே ஆக வேண்டும், எழுத வேண்டுமானால் கேட்டே ஆக வேண்டும். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க" என்றார். தெரிஞ்சவங்க என்று பத்திரத்தில் போட முடியாது என்றேன். அவர் எதிரே பெஞ்சில் இருந்த ஆட்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க" என்றார். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எனக்குக் கேள்வியைத் திரும்ப விழுங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் கட்டம் காலியாக இருக்கிறதே, இன்னொரு முறை கேட்டேன்.

அந்த அம்மாள்தான் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வெளியாளுன்னே போடுங்க, இத்தனை வருஷமா யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லிட்டு வர்றாரு."

அரை ஷிப்டு

இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகு எங்கள் ரூமுக்கு அண்ணன் தம்பிகள் கூட்டம் அதிகமானது. பூர்வீகச் சொத்தில் கல்யாணமான பெண்களுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்ததும், அந்தச் சட்டம் தங்கைகள் காதில் விழும் முன்னால் அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம். ஒரு குடும்பம் மூன்று பெண்களையும் ஒரே சுமோவில் ஏற்றிக்கொண்டு வந்தது. மூத்த இரண்டு பேரும் பட்டுப்புடவை. கடைசிப் பெண் மஞ்சுளா மட்டும் கம்பெனி ஓவர்கோட்டோடு வந்திருந்தாள். அரை ஷிப்டு பர்மிஷனில் வந்திருக்கிறாளாம்.

"எவருடைய தூண்டுதலும் கட்டாயமும் இல்லாமல், எங்கள் முழு மனச் சம்மதத்தின்பேரில்" என்று நான் படித்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய அண்ணி, மஞ்சுளாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பாசமாகத்தான் பிடித்திருந்தாள், விடவும் இல்லை. மஞ்சுளா என் பக்கம் குனிந்து கேட்டாள். "அக்கா, வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது, பத்திரம் பதிவாகாது, அவ்வளவுதான் என்று மெதுவாகச் சொன்னேன். அந்தச் சின்ன ரூமில் மெதுவாக என்பதே கிடையாது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூத்தவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். மஞ்சுளாவே கையை விடுவித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். போட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்: "நிலத்துக்கு இல்லக்கா, தீவாளிக்குப் போனா உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லணுமில்ல, அதுக்கு இந்தக் கையெழுத்து."

மோட்டாருக்குக் கீழே

போச்சம்பள்ளிப் பக்கத்து அண்ணன் தம்பிகள் இரண்டு பேர். தகப்பன் காலமான பின் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, எல்லாவற்றையும் வீட்டிலேயே பேசி முடித்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். ரைட்டருக்கு இப்படிப்பட்ட பார்ட்டி என்றால் ரொம்பப் பிடிக்கும். தாளைப் பார்த்து அப்படியே பத்திரமாக்கிவிட்டார், நானும் அப்படியே டைப் அடித்துவிட்டேன். டைப் அடிக்கும்போது கண் பார்க்கும், கை அடிக்கும், மனசு எங்கோ சாப்பாட்டு டப்பாவில் இருக்கும். வாசிக்கும்போதுதான் காதில் விழும்.

அம்மா முனியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் இரண்டு பக்கமும். தம்பிக்குச் சேர வேண்டியதை வாசித்தேன். மேற்கு வீடு. கிணற்றில் சரிபாதி. அதிலுள்ள மோட்டாரில் சரிபாதி, பழுதானால் இருவரும் சேர்ந்து செலவு செய்ய வேண்டியது. புளியமரம் இரண்டு. தாயார் முனியம்மாள் வருடத்தில் ஆறு மாதம்.

அங்கே நின்றுவிட்டேன். சொத்து விவரப் பட்டியலில், புளியமரத்துக்கு அடுத்த வரியில் அந்த அம்மாள் இருக்கிறார். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார். "அது... அம்மாவை யாரு பார்த்துக்கிறதுன்னு எழுதினதுங்க, இப்படி வரும்னு நினைக்கல" என்று அண்ணன் என்னிடம் சொன்னார், அம்மாவிடம் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துத் தனி நிபந்தனையாகப் போட்டுவிடலாம் என்று ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முனியம்மாதான் நிதானமாக இருந்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "மோட்டாரு ரிப்பேர் ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும்னு படிச்சியே, அதே மாதிரி எனக்கும் ஒரு வரி போடும்மா."

ஞாபகம்

நடக்க முடியாதவர்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு செய்து தருவதுண்டு. குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊருக்கு அப்படிப் போனோம். திம்மராயப்பா என்ற பெரியவர், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னடம் மட்டும்தான் பேசுவார். மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக நிலத்தைப் பிரித்து உயில். உயில் எழுதுகிறவர் தெளிந்த நினைவோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அதனால் பதிவு செய்ய வந்த அதிகாரி சில கேள்விகள் கேட்கச் சொன்னார்.

வயதில் பெரியவரிடம் போய் இன்று என்ன கிழமை, உங்கள் பேர் என்ன என்று கேட்பதே ஒரு மாதிரி இருக்கும். கேட்டேன். சரியாகச் சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்றேன். "நால்கு" என்றார், நாலு என்று அர்த்தம். "மூணு, மூணு, அப்பாவுக்கு ஞாபகம் தவறிப் போகுது" என்று மூத்த மகன் அவசரமாகச் சொன்னார். இன்னொரு தரம் கேட்டேன். மறுபடியும் நாலுதான். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்போது பெரியவர் விரலை மடக்கி ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று பேர் சொல்லி முடித்து, நாலாவதாக "சிவண்ணா" என்றார். உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

சிவண்ணா கடைசி மகன். கம்பெனியில் கூட வேலை பார்த்த வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓசூரிலேயே இருக்கிறான். அவன் பேரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பேரைச் சேர்த்தால்தான் ரேகை வைப்பேன் என்று பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அவர் உயில் எழுதாமலே போய்ச்சேர்ந்தார், அதனால் சட்டப்படி சிவண்ணாவையும் வாரிசில் சேர்க்க வேண்டியதாயிற்று. அது பிறகு நடந்தது. அன்று நாங்கள் கிளம்பும்போது மூன்று பிள்ளைகளும் வாசலில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கு ஞாபகம் இருக்குதான்னு சோதனை பண்ணிட்டீங்க, இவங்களையும் ஒரு தரம் பண்ணிட்டுப் போங்க."

எடுக்கச் சொன்ன வரி

பழனிவேல் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இல்லை, ஒரே மகள். மகளும் மாப்பிள்ளையும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டை மகள் பேரில் எழுத வந்தார். ரைட்டர் இந்த மாதிரிப் பத்திரத்தில் யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்ப்பார். "என் ஆயுள் உள்ளவரை நானே மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது." இதை நான் படித்ததும் பழனிவேலின் முகம் மாறிவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாரே. "ஐயோ, அதை எடுத்துடும்மா. மாப்பிள்ளை என்ன நினைப்பாரு? நம்பிக்கை இல்லாம எழுதின மாதிரி இருக்குது." டீயை முடித்துவிட்டு வந்த ரைட்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் மாமா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வரி இருந்திருக்கும். எடுத்துவிட்டு வேறு அடித்துக் கொடுத்தேன்.

ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். பழனிவேல் தனியாக வந்தார். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, வீட்டை விற்றுவிட்டு அங்கே அடுக்குமாடியில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அங்கே இடம் பத்தாது, அதனால் இவர் சிங்காரப்பேட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறார். மகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, வாரா வாரம் போன் பண்ணுகிறாள் என்றார். பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியாது, வீடும் கைமாறிவிட்டது என்று ரைட்டர் சொன்னார். அவர் பையிலிருந்து பத்திர நகலை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணாடி கொண்டாரல. ஒரு தரம் படிச்சுக் காட்டும்மா."

முழுதும் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நகலை மடித்து வாங்கிக்கொண்டார். "எடுக்கச் சொன்னது நான்தான்னு தெரியும்மா, இருந்தாலும் படிக்கையில எங்கியாவது இருக்குமான்னு பார்த்தேன்."

பக்கத்து ரூம்

எங்கள் ரூமுக்கு நாலைந்து கடை தள்ளி இன்னொரு எழுத்தர் இருந்தார். ஒருநாள் மத்தியானம் அவரே வந்து கூப்பிட்டார். "ஒரு பெரியவருக்குத் தெலுங்குல விளக்கம் சொல்லணும், எங்க ஆளு இன்னிக்கு லீவு. அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போம்மா." அப்படிப் போய்வருவது வழக்கம்தான். போனேன். பெஞ்சில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் அண்ணன்.

அந்த எழுத்தருக்கு விஷயம் தெரியாது. தாளை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போனால் ஏன் என்று கேட்பார், சொன்னால் அந்த ரூமில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தன் பேரை எழுதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. நான் ஓசூரில் இந்தச் சந்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்து, என் ரூமைத் தாண்டி நடந்து வந்திருக்கிறார். அண்ணன் செல்போனில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான், அதில் வெளிச்சம்கூட வரவில்லை. உட்கார்ந்தேன். படித்தேன்.

வீடும், ஹைவே பக்கத்து ஒன்றரை ஏக்கரும் அண்ணனுக்கு. அப்பாவின் சுயசம்பாத்தியம், அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், என் கையெழுத்துக்கூடத் தேவையில்லை. சட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. "இச்சொத்தில் என்னுடைய மற்ற வாரிசுகளுக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை" என்ற வரி வந்தது. அந்த இடத்தில் எப்போதும் நிறுத்தி, மற்ற வாரிசுகள் என்றால் யார் யார் என்று பேர் சொல்லி விளக்குவேன், பின்னால் யாரும் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லக் கூடாதல்லவா. அன்று தெலுங்கில் "மற்றவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டினேன். அப்பா தலையைத் தூக்கவில்லை. முடித்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன், சம்மதமா என்று. ஆமாம் என்று கையைத்தான் அசைத்தார். கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் டோக்கன் பார்க்கிறேன் என்று முன்னால் போய்விட்டான். அப்பா எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. நான் கோபப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்போல, நான் கோபப்படாதது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்கோ, அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். காலியான இளநீரை என் கையிலிருந்து வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ படிச்சா தெரு வரைக்கும் கேக்கும்னு உன்னைக் கூட்டிட்டு வந்த ரைட்டர் சொன்னாரு, எனக்கு மட்டும் ஏம்மா அவ்வளவு மெதுவா படிச்ச?"

சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வருகிற எல்லாரும் முதல் வேலையாக வாசலில் செருப்பைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன், தலையைக் குனிந்துகொள்ள அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைப்பதில்லை.